புள்ளிக் கணக்கும் நாள் கணக்கும்

செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டை விற்பதென்றால், வாங்க ஆள் தேடுவதற்கு முன்பு கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டும். பாட்டனார் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, ஆத்தங்குடிக் கல் பதித்துக் கட்டிய வீட்டுக்கு இன்று எட்டுப் பங்காளிகள் என்றால், இரண்டு பேர் காரைக்குடியில் இருப்பார்கள், இரண்டு பேர் சென்னையில். மற்றவர்களை சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் டல்லாஸிலும்தான் தேட வேண்டும். முன்னோருக்கான படைப்புக்கு எல்லோரும் கூடும் நாளில்தான் அந்தப் பேச்சையே எடுக்க முடியும். எடுத்து, பேசி, ஒரு விலைக்கு எல்லோரும் தலையாட்டிய பிறகு, ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஆடிட்டர் மெல்லக் கேட்பார்: “இதில் யார் யார் என்.ஆர்.ஐ.?” அந்த ஒரு கேள்வியில் ஒரே வீடு இரண்டு வீடாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு சகோதரர்கள். அப்பச்சி எழுதிவைத்த உயிலின்படி தலைக்கு ஒரு பங்கு. வீடு 2 கோடி ரூபாய்க்குப் போகிறது, ஆளுக்கு 50 லட்சம். மூத்தவர் காரைக்குடியில் இருக்கிறார், இளையவர் சிங்கப்பூரில். வாங்குபவர் மூத்தவருக்குத் தரும் பணத்தில் 1 விழுக்காட்டை டி.டி.எஸ். ஆகப் பிடித்து அரசுக்குக் கட்டுவார். அது 50,000 ரூபாய். இளையவரிடம் பிடிக்க வேண்டியது பன்னிரண்டரை விழுக்காடும் அதன் மேல் 4 விழுக்காடு செஸ்ஸும். லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே, அதிகாரியிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கி வைத்திருந்தாலன்றி, முழு விலையின் மேலேயே பிடிப்பார். அது 6,50,000 ரூபாய்.

இது பிடித்தம்தானே, வரி அல்லவே என்று கேட்கலாம். வரியையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 2001 ஏப்ரல் 1-இல் அந்த ஒரு பங்கின் வழிகாட்டி மதிப்பு 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவருக்குப் பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்துக் கணக்கிடும் பழைய முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இன்றும் உண்டு. 2025-26-க்கான குறியீடு 376. அதன்படி அவருடைய 15 லட்சம் 56 லட்சத்து 40 ஆயிரமாகிவிடுகிறது. விற்ற விலை 50 லட்சம்தான். லாபமே இல்லை, வரியும் இல்லை. இளையவருக்கு அந்த உரிமை கிடையாது. 2024 ஜூலை 23 முதல் அவருக்குக் குறியீடு என்ற பேச்சே இல்லை. 35 லட்சம் லாபம், 4,55,000 ரூபாய் வரி. ஒரே உயில், ஒரே பத்திரம், ஒரே நாளில் ரேகை. அண்ணனுக்கு வரி சைபர், தம்பிக்கு நாலரை லட்சம். விற்ற பணத்தில் இன்னொரு வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கு இருவருக்கும் பொது என்பது மட்டுமே ஆறுதல்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? சட்டம் இளையவரிடம் ‘நீ எந்த ஊர்க்காரன்’ என்று கேட்கவில்லை. ‘இந்த ஆண்டு இந்தியாவில் எத்தனை நாள் இருந்தாய்’ என்று கேட்கிறது. நம் ஊருக்குப் பழக்கமான கேள்வி வேறு. இரண்டுக்கும் இடையில்தான் நம் பணமும் நிம்மதியும் சேர்ந்து போகின்றன.

ஊர் எண்ணுவது ஆளை

செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். கல்யாணம் நடந்தால் அந்தந்தக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலை வந்து கணக்கில் ஏறிய தம்பதி ஒரு புள்ளி. ஒருவர் மறைந்தால் மற்றவர் அரைப்புள்ளி. கோயில் காரியத்துக்குப் போடுவது புள்ளி வரி. ரங்கூனில் கடை வைத்திருந்தாலும் சரி, சிகாகோவில் மென்பொருள் எழுதினாலும் சரி, புள்ளி புள்ளிதான். எத்தனை நாள் ஊரில் இருந்தாய் என்று எந்தக் கோயில் கணக்கப்பிள்ளையும் கேட்பதில்லை.

உலகத்தில் இப்படி ஆளை எண்ணி வரி கேட்கும் பெரிய அரசு ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்கா. அமெரிக்கக் குடிமகன் எங்கே வாழ்ந்தாலும், எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தொடங்கிய இந்த வழக்கத்தை, மெக்சிகோவில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் எதிர்த்து வழக்குப் போட்டார். குடியுரிமை தரும் பாதுகாப்புக்கு இதுவே விலை என்ற பொருளில் 1924-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய வாதத்தைத் தள்ளிவிட்டது. எரித்ரியா என்ற சிறு ஆப்பிரிக்க நாடும் வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் 2 விழுக்காடு வாங்குகிறது. மற்ற நாடுகள் அநேகமாக எல்லாமே நாள் எண்ணும் நாடுகள். சிங்கப்பூரில் 183 நாள், மலேசியாவில் 182 நாள், இந்தியாவிலும் 182 நாள்.

அமெரிக்காவின் புள்ளி வரி காரைக்குடி வரைக்கும் வந்துவிடுகிறது. மகன் அங்கே வேலை பார்க்கிறான். பேரன் அங்கே பிறந்து அமெரிக்கக் குடிமகனாகிவிட்டான். பேரன் பெயரில் இங்கே ஆயா ஆசையாக வைப்புத்தொகை போடுகிறாள். அவனுடைய வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், அமெரிக்கக் கருவூலத்துக்குத் தனிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். மகன் தன் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இங்கே போட்டுவைத்திருக்கும் என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதைக் கேட்டே பலர் போடுகிறார்கள். ஆனால் அந்த வட்டி அமெரிக்காவில் வரிக்கு உட்பட்டது. அங்கே தங்கியிருக்கும் ஹெச்-1பி விசாக்காரருக்கும் அப்படித்தான். இங்கே விலக்கு என்றால் எங்கும் விலக்கு என்று நினைப்பதே நம்மவர்கள் செய்யும் முதல் பிழை.

இந்தியாவும் 2020-இல் புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை இந்தியாவில் வசிப்பவராகவே கருதுவோம் என்று அந்த ஆண்டு நிதி மசோதா சொன்னது. வருமான வரியே இல்லாத வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் பதறிப்போனார்கள். நேர்மையாக உழைக்கப் போனவர்களைக் குறிவைத்து இது வரவில்லை என்று மறுநாளே, பிப்ரவரி 2 அன்று, அரசு விளக்கம் தந்தது. பிறகு சட்டமானபோது, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு மட்டும் என்று வேலி போடப்பட்டது. அதே ஆண்டு, அந்த அளவு வருமானம் உள்ளவர் ஊருக்கு வந்து தங்கும் காலத்துக்கான வரம்பும் 182 நாளிலிருந்து 120 ஆகக் குறைந்தது. ஊரில் வாடகை, வட்டி, பங்கு லாபம் என்று நன்றாக வருகிறவர், மகள் கல்யாணத்துக்கு வந்தோமே, இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவோம் என்று சாவதானமாக இருக்க முடியாது.

சட்டப் புத்தகத்தில் செட்டிநாட்டு விலாசங்கள்

இந்த நாள் கணக்கு நமக்குப் புதிதும் அல்ல. இந்திய வரிச் சட்டம் அதைக் கற்றுக்கொண்ட காலத்தில், கடல் கடந்த தொழிலுக்கு அதன் கண்முன் நின்றவர்களில் முக்கியமானவர்கள் நம் பாட்டனார்களே.

கொண்டுவிற்கப் போன காலத்தில் முறை எளிது. மேலாள் ஒருவர் மூன்றாண்டுத் தவணைக்குப் போவார், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கூட ஆட்கள், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் படுக்கை, பேரேடும் குறிப்பேடும் தமிழில். தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்புவார். ரங்கூனில் சம்பாதித்தாலும் காரைக்குடியில் சம்பாதித்தாலும் ஒரே இந்தியா, ஏனென்றால் பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா பிரிந்தது. முதல் நாள் இரவு வரை உள்நாட்டு லாபமாக இருந்தது, விடிந்ததும் வெளிநாட்டு லாபமாயிற்று. கடை நகரவில்லை, ஆள் நகரவில்லை. எல்லைக்கோடு மட்டும் நகர்ந்தது. அப்போது கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் கொஞ்சநஞ்சமல்ல. உலகப் பொருளாதார மந்தத்தால் கடன் திரும்பாமல் போக, 1930-இல் அங்கே மொத்த நிலத்தில் 6 விழுக்காடாக இருந்த அவர்கள் பங்கு 1938-இல் கால்வாசியாகிவிட்டிருந்தது.

அடுத்தது 1939. அதுவரை வெளிநாட்டு லாபத்தில் ஊருக்குக் கொண்டுவந்ததற்கே வரி. கொண்டுவராததற்கும் வரி உண்டு, அதில் 4,500 ரூபாய் மட்டும் கழிவு என்று அந்த ஆண்டுத் திருத்தம் சொன்னது. அதே திருத்தம்தான் வசிப்பவர், வசித்தும் ‘சாதாரணமாக வசிக்காதவர்’, வசிக்காதவர் என்று மூன்று வகுப்புகளைப் பிரித்தது. முந்தைய பத்தாண்டில் ஒன்பதாண்டு இங்கே வசித்தவரா, முந்தைய ஏழாண்டில் மொத்தம் இரண்டாண்டுக்கு மேல் இங்கே இருந்தாரா என்பவை அதற்கான உரைகல். இன்றைய சட்டத்தைப் புரட்டுங்கள்: பத்தில் ஒன்பது, ஏழாண்டில் 729 நாள். கப்பல் காலத்து எண்கள் விமான காலத்திலும் மாறவில்லை.

கொழும்பில் வணிகம் செய்த சுப்பையா செட்டியாரின் வழக்கு வரிச் சட்ட மாணவர்களுக்கு இன்றும் பாடம். மனைவி மக்களோடு இலங்கையிலேயே வாழ்ந்தவர். இங்கே வீடும் நிலமும் உண்டு. 1941-42-இல் ஏழு முறை வந்து, மொத்தம் 101 நாள் இங்கே இருந்தார். வந்த இடத்தில் நிலத்து வழக்கைப் பார்த்தார், வரி விசாரணைக்குப் போனார், புதிய கூட்டு வணிகங்களுக்கும் ஏற்பாடு செய்தார். கூட்டுக் குடும்பத்தின் நிர்வாகம் ‘முழுவதும்’ வெளியே இருந்தால்தான் குடும்பம் வசிக்காததாகும் என்பது சட்டம். அந்த ‘முழுவதும்’ இடித்தது. முழுவதும் வெளியே என்று நிறுவும் பொறுப்பு அவருடையது, அதை அவர் நிறுவவில்லை என்று உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. ஆள் கொழும்புவாசி, குடும்பம் மட்டும் இந்தியவாசி.

இன்னொன்று, பி.வி.ஏ.எல். என்ற தலைப்பெழுத்து விலாசத்தில் வந்த வழக்கு. மலேசியாவின் ஈப்போவில் சொத்துகள் வைத்திருந்த நிறுவனம் அது. ரப்பர்த் தோட்ட வருமானம் 88,424 ரூபாய், ஒரு சொத்து விற்ற லாபம் 18,113 ரூபாய். இந்தத் தொகைக்காகத்தான் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். இந்திய-மலேசிய இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில், அந்த வருமானத்துக்கு மலேசியா வரி விதிக்கலாம் என்று இருந்தது. ‘விதிக்கலாம்’ என்றால் மலேசியா மட்டுமா, இந்தியாவும் சேர்ந்தா? மலேசியா மட்டும்தான் என்று 2004 மே மாதம் தீர்ப்பு வந்தது. அரசு சும்மா இருக்கவில்லை. ‘விதிக்கலாம்’ என்றால் இங்கேயும் வருமானத்தில் சேர்க்க வேண்டும், அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று 2008 ஆகஸ்டில் அறிவிக்கை போட்டது. ஈப்போ தோட்டத்தில் பங்கு வைத்துக்கொண்டு காரைக்குடியில் வாழ்பவர் இன்று இரண்டு இடத்திலும் கணக்குக் காட்ட வேண்டும். வரியை மட்டும் இரண்டு முறை கட்ட வேண்டியதில்லை. ஒரு வினைச்சொல்லின் பொருள் நாலாண்டில் இப்படித் திரும்பியது.

திருச்சி விமான நிலையத்தில்

பழைய கதை செல்வந்தர்களுடையது. வழக்காட வக்கீல் இருந்தார், கணக்கெழுத ஆள் இருந்தார். இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படியில்லை. காரைக்குடியைச் சுற்றிய கிராமங்களிலிருந்து கொத்தனாராகவும் ஓட்டுநராகவும் வெல்டராகவும் போகிறவர்கள். ‘வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது’ என்ற ஒரு வரிதான் அவர்களுக்குத் தெரிந்த வரிச் சட்டம். அது பாதி உண்மை.

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. செப்டம்பர் 28 அன்று விமானம் ஏறியவர் அந்த ஆண்டு இங்கே இருந்தது 181 நாள், அவர் வசிக்காதவர். மறுநாள் ஏறியவருக்கு 182, அவர் வசிப்பவர். நவம்பரில் போனவருக்கு, மார்ச் வரை வாங்கிய வளைகுடாச் சம்பளமும் இந்தியக் கணக்கில் வரும். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் புதிய முறையில் தள்ளுபடி கிடைத்து வரி இல்லாமல் போகலாம். ஆனால் அங்கே சம்பளத்துக்காகத் திறந்த வங்கிக் கணக்கு அந்த ஆண்டின் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகப் பதிவாக வேண்டும். வருமானம் எவ்வளவு சிறியதானாலும் சரி, வெளிநாட்டுச் சொத்து உள்ள, இங்கே ‘சாதாரணமாக வசிப்பவர்’ படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஒரு வாரம் தாமதமாக வந்த விசாவுக்கு இத்தனை பின்விளைவு என்று அந்த வெல்டருக்கு யார் சொல்வது?

திரும்பி வருகிறவர் கதை இன்னும் நுட்பமானது. இருபதாண்டு சிங்கப்பூரில் உழைத்துவிட்டுக் கோட்டையூரில் வீடு கட்டிக் குடியேறுகிறவருக்கு, முதல் இரண்டு ஆண்டு, சில வேளை மூன்றாண்டு, அந்த ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற குடை கிடைக்கும். வெளிநாட்டிலேயே ஈட்டி வெளிநாட்டிலேயே வாங்கிக்கொள்ளும் வருமானத்துக்கு அதுவரை இங்கே வரி இல்லை, வெளிநாட்டுச் சொத்தைக் காட்ட வேண்டியதும் இல்லை. குடை மடங்கியதும் எல்லாம் உண்டு: அங்கே விட்டுவந்த வங்கிக் கணக்கு, காப்பீடு, பங்கு, அடுக்ககம். காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம். 2024 அக்டோபரிலிருந்து, நிலம் கட்டடம் நீங்கலான சொத்துகள் கூட்டாக 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று இருப்பதிலும் பொருளில்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் உள்ளிட்ட நாடுகளின் வங்கிகளிலிருந்து கணக்கு விவரம் ஆண்டுதோறும் தானாகவே டெல்லிக்கு வந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது ஆள் ஓர் ஆச்சி. கணவர் போன பிறகு கோலாலம்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டவர். ஊரில் போட்டுவைத்த வைப்புத்தொகையிலிருந்து ஆண்டுக்கு 8 லட்சம் வட்டி. அவர் காரைக்குடியிலேயே இருந்திருந்தால் புதிய முறையில் வரி ஒரு ரூபாயும் இல்லை. இப்போது அவர் என்.ஆர்.ஐ.; 12 லட்சம் வரையிலான அந்தத் தள்ளுபடி வசிப்பவருக்கு மட்டும் உரியது. அவருக்கு வரி 20,800 ரூபாய். அது போகட்டும். வங்கி என்ன பிடிக்கிறது? செஸ் சேர்த்து 31.2 விழுக்காடு, அதாவது 2,49,600 ரூபாய். ஒப்பந்தப்படி குறைந்த விகிதம் கேட்கலாம். அதற்கு மலேசிய வரித் துறையிடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். இல்லாவிட்டால் படிவம் தாக்கல் செய்து 2,28,800 ரூபாயைத் திரும்பப் பெற வேண்டும். பெறாமலே விடும் ஆச்சிமார் உண்டு. வரிப் பிடித்தம் வேண்டாம் என்று பழையபடி உறுதிமொழிப் படிவம் கொடுத்து, கணக்கை என்.ஆர்.ஐ.களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றாமலே ஓட்டுகிறவர்களும் உண்டு. அது அன்னியச் செலாவணிச் சட்டத்துக்கும் விரோதம், வரிச் சட்டத்துக்கும் விரோதம். முதலாமவர் தெரியாமல் இழக்கிறார். இரண்டாமவர் தெரியாமல் குற்றம் செய்கிறார்.

என்ன செய்யலாம்?

வெளிநாட்டில் சம்பாதித்துக்கொண்டு இங்கே சலுகையும் கேட்பதா என்று ஒரு குரல் எழும். நியாயமான குரல்தான். அவர்களுடைய அயல்நாட்டுச் சம்பளத்தை இந்தியா தொடுவதில்லை. வசிப்பவரோ உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கட்டுகிறார். வரியே வேண்டாம் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கட்ட வேண்டியதற்கு மேல் பிடித்து வைத்திருப்பது வரி ஆகாது, அது வலிந்து வாங்கிய கடன். வட்டிக்கணக்கில் பேர் போன ஊருக்கு இந்த வேறுபாடு தெரியும். துறையும் திருப்பித் தரும்போது மாதத்துக்கு அரை விழுக்காடு வட்டி சேர்த்தே தருகிறது. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென்று புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டைக் குழப்பம் போய் அதில் ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே நிற்கிறது. சொற்றொடர் எளிமையாகியிருக்கிறது, நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. சட்டத்தைத் திரும்ப எழுதாமலே அரசு செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, நாளை எண்ணும் வேலை. ஒவ்வொரு கடவுச்சீட்டும் எந்தத் தேதியில் நாட்டுக்குள் வந்தது, எந்தத் தேதியில் வெளியே போனது என்பது குடியேற்றத் துறையின் கணினியில் இருக்கிறது. நம் வங்கி வட்டி, பங்கு விற்பனை, சொத்துப் பதிவு எல்லாவற்றையும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வரித் துறையே நிரப்பித் தருகிறது. அதில் இன்னும் ஒரு வரி: ‘இந்த ஆண்டு நீங்கள் இந்தியாவில் இருந்த நாள்கள் இத்தனை.’ வகுப்பைத் தீர்மானிக்கும் எண்ணை மட்டும் குடிமகன் முத்திரைகளைப் புரட்டி விரல்விட்டு எண்ண வேண்டும் என்பதில் என்ன நியாயம்? கைவசம் இருக்கும் விவரத்தைப் பிறகு தண்டனைக்குப் பயன்படுத்துவதைவிட, முன்னதாகவே எச்சரிக்கைக்குப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, ஒரே பத்திரத்துக்கு ஒரே நீதி. பரம்பரையாக வந்த வீட்டை உடன்பிறந்தவர்கள் சேர்ந்து விற்கும்போது, குறியீட்டு முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லாப் பங்குக்கும் இருக்க வேண்டும். லாபம் வீட்டில் விளைந்தது. விற்பவர் தங்கியிருந்த நாளில் விளையவில்லை. அது முடியாதென்றால், குறைந்த பிடித்தச் சான்றிதழைக் கெடு வைத்தாவது தரட்டும். வாங்குபவர் காத்திருக்க மாட்டார். என்.ஆர்.ஐ. பங்கு இருக்கிறது என்பதாலேயே விலையைக் குறைத்துக் கேட்பது நடக்கிறது. பங்காளிகளுக்குள் மனக்கசப்பும் வருகிறது. செட்டிநாட்டில் பூட்டிக்கிடந்து ஓடு சரியும் வீடுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, தமிழ். வெல்டருக்கும் ஆச்சிக்கும் வரும் அறிவிப்பு அவர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். விமான நிலையப் புறப்பாட்டுக் கூடத்தில் ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் போதும்: வங்கிக் கணக்கை மாற்று, போன தேதியைக் குறித்து வை, முதலாண்டுப் படிவத்தை மறக்காதே. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், அச்சுக்கூலி போதும்.

அரசிடம் கேட்பது ஒரு பக்கம். நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. படைப்புக்கும் கோயில் விழாவுக்கும் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் கூடுகிறோம். அன்று ஒரு மணி நேரம், விவரம் தெரிந்த ஆடிட்டர் ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்க விடலாம். புள்ளி குறிக்கும் சங்கங்கள், எந்தப் புள்ளி எந்த நாட்டில், எந்த வகுப்பில் இருக்கிறது என்று அவரவரே தெரிந்துகொள்ள உதவலாம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊராட்சி அலுவலகத் திண்ணையிலேயே இதைச் சொல்லலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் சாமான்களோடு சாமானாகப் பழைய கணக்கு நோட்டுகளும் வரும். ஒருமுறை அப்படி ஒன்றைப் புரட்டினேன். அட்டை செல்லரித்திருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே விலாசம். வரவு தொடங்குவதற்கு முன்னால், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தேதி. அதன் கீழே பினாங்கில் இறங்கிய தேதி. ஊர் திரும்பிய தேதிக்கு விட்டுவைத்த இடம் காலியாக இருந்தது. அந்த மனிதரை எந்த வரி அதிகாரியும் எத்தனை நாள் என்று கேட்டிருக்கப்போவதில்லை. மூன்றாண்டுத் தவணைச் சம்பளத்துக்காகவே குறித்திருப்பார். நமக்கு அதே இரண்டு தேதிகள் வேறொரு கணக்குக்கு வேண்டியிருக்கின்றன. அடுத்த முறை திருச்சியில் விமானம் ஏறுகிறவர், பெட்டியை ஒப்படைத்துவிட்டு உட்காரும் பத்து நிமிடத்தில், கைபேசியிலாவது அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும். திரும்பும் தேதிக்கு ஒரு வரி இடம் விட்டு.